வாக்கர்: ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரின் வேரைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் ஜானி வாக்கர் விஸ்கிக்கு 1908-இல் டாம் பிரௌன் என்ற ஓவியர் ஒரு சின்னம் வரைந்து கொடுத்தார். உயரமான தொப்பி, கையில் தடி, விரைந்து எட்டு வைக்கும் ஒரு மனிதர். பெயர் வாக்கர் என்பதால் நடப்பவர். உலகமே அப்படித்தான் புரிந்துகொண்டது. ஆனால் அந்தப் பெயர் பிறந்த காலத்தில் அதற்கு வழிநடை என்ற பொருளே கிடையாது. வாக்கர் என்பவர் நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்து இறுக்கும் தொழிலாளி.

இங்கிலாந்தில் மிகப் பரவலாக உள்ள முதல் 30 குடும்பப்பெயர்களுக்குள் வாக்கரும் ஒன்று. ஓர் ஆங்கிலப் பெயரின் மூலத்தைத் தேடும் முறையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. பொருள் வெளிப்படையாகத் தெரிவதுபோல் இருந்து தவறான வழியில் இழுக்கும். அதே தொழிலுக்கு நாட்டின் வேறு பகுதிகளில் வேறு பெயர்கள் இருந்தன. தொழிலோடு தொடர்பே இல்லாத வாக்கர்களும் உண்டு. கீழே உள்ள படிகளை வேறு எந்த ஆங்கிலப் பெயருக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

படி 1: எழுத்து வடிவங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

18-ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலப் பெயர்களுக்கு நிலையான எழுத்துமுறை இல்லை. பாதிரியாரோ எழுத்தரோ காதில் விழுந்ததை எழுதினார். வாக்கர் என்ற பெயரில் 'எல்' எழுத்து எழுதப்படும், ஒலிக்கப்படாது. ஆகவே பழைய ஏடுகளில் எல் விடுபட்ட வடிவமும், எல்லுக்குப் பதிலாக 'யு' வந்த வடிவமும், இரண்டும் சேர்ந்த வடிவமும் இருக்கும். யு கலந்த வடிவங்கள் வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மிகுதி. கடைசி 'இஆர்' சில சமயம் 'ஏஆர்' ஆகும்.

இணையத்தில் தேடும்போது இந்த வடிவங்கள் எல்லாவற்றையும் ஒரே வலையில் பிடிக்க வேண்டும். முன்னோர் ஆவணங்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துகளுக்கும், கேள்விக்குறி ஓர் எழுத்துக்கும் பதிலாக நிற்கும். பெயரின் முதல் இரண்டு எழுத்துக்குப் பின் ஒரு நட்சத்திரம், பிறகு 'கே', மீண்டும் ஒரு நட்சத்திரம் என்று கொடுத்தால் மேலே சொன்ன வடிவங்கள் அத்தனையும் வந்துவிடும்.

இங்கே ஒரு பொறி. பழைய கையெழுத்தில் 'கே'யை 'எல்' என்றும் 'டி' என்றும் படித்துவிடுவார்கள். அதனால் அட்டவணையில் ஒரு வாக்கர், வாலர் அல்லது வால்டர் ஆகிக் கிடப்பார். வாலர் வேறு மூலமுடைய தனிக் குடும்பப்பெயர். எனவே அட்டவணையை மட்டும் நம்பாமல், ஏட்டின் படத்தைத் திறந்து உங்கள் கண்ணால் படியுங்கள்.

படி 2: எந்தப் பெட்டியில் வைப்பது

ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் நான்கு வகை. தந்தை பெயரிலிருந்து வந்தவை, ஊரிலிருந்தோ நில அமைப்பிலிருந்தோ வந்தவை, தொழிலிலிருந்து வந்தவை, பட்டப்பெயர்கள். ஜான்சன், ஹில், ஸ்மித், ஷார்ட் என்று வரிசையாக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்ளலாம்.

நம் இனிஷியல் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். முருகனின் மகன் செல்வன் மு. செல்வன். செல்வனின் மகனுக்கு 'செ.' இங்கிலாந்திலும் முதலில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஒருவர் பெயரோடு ஒட்டிய தொழிலும் ஊரும் அவரோடு முடிந்துவிடும். 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு, முதலில் நிலவுடைமைக் குடும்பங்களிலும் பிறகு மற்றவர்களிடமும் அந்த ஒட்டுப்பெயர் அப்படியே உறைந்து பிள்ளைகளுக்கும் இறங்கத் தொடங்கியது. தெற்கில் சாதாரண மக்களிடையே இது 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பெருமளவு நடந்து முடிந்தது. வடக்கில் இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது. வாக்கர் வடக்கத்திப் பெயர் என்பதால் இந்தத் தாமதத்தை நினைவில் வையுங்கள். படி 5-இல் தேவைப்படும்.

பெயரின் கடைசியில் வரும் 'அர்' ஒலியைக் கண்டதும் தொழில் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாலத்தருகே குடியிருந்தவர் பிரிட்ஜர் ஆனார். சஸெக்ஸ் போன்ற தென்பகுதிகளில் இப்படிப்பட்ட இடப்பெயர்கள் நிறைய. வாக்கருக்குத் தொழில், ஊர் என்ற இரண்டு பெட்டியிலும் இடம் உண்டு.

படி 3: பெயர் உறைந்த காலத்தின் சொற்பொருளைப் பிடியுங்கள்

பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் இது. இன்றைய அகராதியைத் திறந்து பொருள் சொல்லிவிடுகிறார்கள். நம் பழைய பாடல்களில் 'நாற்றம்' என்றால் நறுமணம். இன்றைய பொருளை அங்கே வைத்துப் படித்தால் பாட்டே கெட்டுவிடும். வாக்கருக்கும் அதே கதிதான்.

பழைய ஆங்கிலத்தில் 'வெயால்கன்' என்ற வினைச்சொல்லுக்கு உருட்டுதல், புரட்டுதல், அலைபோல் தூக்கி எறிதல் என்று பொருள். அதிலிருந்து வந்த 'வெயால்கெரே' துணியைப் புரட்டி மிதித்து இறுக்குபவர். காலால் நடப்பது என்ற பொருள் இந்த வினைக்கு 13-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் நிலைபெறுகிறது. இதற்கு உறுதியான துணைச்சான்று கடல் தாண்டி இருக்கிறது. ஜெர்மானிய மொழியில் 'வால்கன்', ஸ்வீடிஷில் 'வால்கா' என்றால் இன்றும் கம்பளியை அடித்து இறுக்குவதுதான். இரண்டுக்கும் நடத்தல் என்ற பொருள் இல்லை. ஆகவே 'துணியின் மேல் நடந்ததால் வாக்கர்' என்ற விளக்கம் பாதிதான் சரி. மிதித்தது உண்மை. ஆனால் பெயர் நடையிலிருந்து வரவில்லை, புரட்டுவதிலிருந்து வந்தது.

அந்தத் தொழில் என்ன என்று தெரியாமல் பெயரின் பொருள் விளங்காது. நம்மிடம் அதற்கு நேரான தொழில் இருந்ததில்லை, நம் துணி பருத்தி என்பதால். ஆட்டு ரோமத்தின் ஒவ்வோர் இழையிலும் மீன் செதிலைப்போல நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், பிறகு விடாது. பருத்தி இழையில் செதில் இல்லை. எவ்வளவு மிதித்தாலும் அது கோக்காது.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி சல்லடைபோல் தளர்வாக இருக்கும். நூற்பதற்காகத் தடவிய எண்ணெயோ கொழுப்போ அதில் ஊறியிருக்கும். அதைத் தொட்டியில் போட்டு முதலில் எண்ணெயை எடுப்பார்கள். அதற்கு இரண்டு பொருள்கள். ஒன்று, வீடு வீடாகச் சேகரித்துப் புளிக்கவைத்த சிறுநீர். அதிலுள்ள அம்மோனியா கொழுப்பை உடைக்கும். ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் சிறுநீருக்கு வரி போட்டதும் இந்தத் தொழிலாளர்கள் அதை வாங்கிப் பயன்படுத்தியதால்தான். இன்னொன்று, எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண். நம் ஊர் மளிகைக் கடையில் முகத்துக்குப் பூச முல்தானி மிட்டி என்று வாங்குகிறோமே, அதுவேதான். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ஃபுல்லர்ஸ் எர்த்', அதாவது துணி மிதிப்பவரின் மண். இங்கிலாந்தில் சர்ரே பகுதியின் ரெட்ஹில், நட்ஃபீல்டு ஊர்களை ஒட்டி அது வெட்டி எடுக்கப்பட்டது.

பிறகு வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். துணி சுருங்கிச் சுருங்கித் தடிக்கும். மூன்றில் ஒரு பங்கு வரை சுருங்குவது சாதாரணம், அதற்கு மேலும் சுருங்கும். நெசவின் இழைகளே கண்ணுக்குத் தெரியாதபடி பரப்பு மூடிக்கொள்ளும். மழையும் காற்றும் எளிதில் உள்ளே போகாது. இறுதியில் நன்றாக அலசி, வெளியே மரச்சட்டங்களில் வரிசையாக அடித்த கொக்கிகளில் மாட்டி, அளவுக்கு இழுத்துக் காயவிடுவார்கள். மிதிப்பது குறைந்தால் துணி தளர்ந்து நிற்கும், மிஞ்சினால் விறைத்து அளவு குறைந்து விலைபோகாது. ஒரு சீரில்லாமல் மிதித்தால் மடிப்புத் தடம் அப்படியே இறுகிவிடும். பெயராக நிலைக்கும் அளவுக்கு இது தேர்ந்த கைவினை.

12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வேலைக்கு நீர்ச்சக்கரம் வந்தது. 1185-இல் டெம்பிளர் துறவி வீரர்களின் சொத்துக் கணக்கில் யார்க்‌ஷயரிலும் கிளாஸ்டர்‌ஷயரிலும் இத்தகைய ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. சக்கரத்தின் அச்சில் பொருத்திய முளைகள் கனத்த மரச் சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கித் தொட்டியில் கிடக்கும் துணிமேல் விடும். கால் ஓய்ந்த பிறகும் ஆலைக்காரருக்குப் பழைய பெயரே தொடர்ந்தது. லங்கா‌ஷயரின் ஹெல்ம்‌ஷோரில் 1789-இல் கட்டிய ஓர் ஆலை இன்று அருங்காட்சியகம். சம்மட்டிகளை அங்கே நேரில் பார்க்கலாம்.

தமிழ் வாசகருக்கு ஒரு தனிக்குறிப்பு. மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் உடை எந்த வண்ணானாலும் வெளுக்க முடியாத வெண்மையானது என்று நம் பழைய வேதாகமம் சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்த 'வண்ணான்' இருக்கும் இடத்தில் 'ஃபுல்லர்' இருக்கிறது. 1380-களின் விக்ளிஃப் மொழிபெயர்ப்பின் முதல் வடிவம் ஒருபடி மேலே போய், 'ஃபுல்லர் அல்லது துணி வாக்கர்' என்று இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. இரண்டும் ஒரே தொழில் என்பதற்கு அந்தக் காலத்து எழுத்தே சாட்சி. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் வண்ணான் என்று எழுதியதில் குற்றமில்லை. நம்மிடம் இருந்த மிக நெருங்கிய தொழில் அதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு வாக்கர் என்றால் சலவைத் தொழிலாளி என்று எழுதினால் பிழை. சலவையாளர் உடுத்திய துணியை வெளுப்பவர். வாக்கர் புதுத்துணியைத் துணியாக்கி முடிப்பவர்.

படி 4: வரைபடத்தில் வையுங்கள்

ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள் இருந்தன. வடக்கிலும், மிட்லண்ட்ஸ் எனப்படும் நடு இங்கிலாந்தின் பெரும்பகுதியிலும் வாக்கர். தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர், லத்தீன் 'ஃபுல்லோ' வழி வந்தது. டெவன், சாமர்செட், கார்ன்வால் அடங்கிய தென்மேற்கில் டக்கர். துன்புறுத்துதல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது அது. துணியைப் படுத்திய பாடு அப்படி. டெவனின் எக்ஸிடர் நகரில் 1471-இல் எழுந்த நெசவாளர், துணி மிதிப்பவர் சங்கக் கட்டடம் இன்றும் 'டக்கர்ஸ் ஹால்' என்றே நிற்கிறது.

ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் இதே எல்லையைக் காட்டும். யார்க்‌ஷயரின் பெவர்லியில் 'வாக்கர்கேட்' என்ற தெரு. லங்கா‌ஷயரின் பர்ன்லி அருகே 'வாக் மில்' என்ற சிற்றூர். கார்ன்வாலில் 'டக்கிங்மில்'. வேல்ஸ் மொழியில் இந்த ஆலைக்குப் 'பாண்டி' என்று பெயர், டோனிபாண்டி என்ற ஊர்ப்பெயரில் அது இருக்கிறது. நீங்கள் தேடும் குடும்பம் டெவன்காரர்கள் என்றால், அந்த வாக்கர் வடக்கிலிருந்து வந்து குடியேறியவரா என்ற கேள்வியை முதலிலேயே எழுப்புங்கள்.

பரவலை அளக்க 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சிறந்த கருவி. முழுவதும் படியெடுக்கப்பட்டு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குள் தொழிற்புரட்சி மக்களைக் கலைத்துப் போட்டிருந்தாலும், பெயர்கள் தோன்றிய வட்டாரம் பெரும்பாலும் அதில் தெரியும்.

தலையை மட்டும் எண்ணினால் ஏமாந்து போவீர்கள். லண்டனில் எல்லாப் பெயரும் மிகுதி, லண்டனில் எல்லாரும் மிகுதி என்பதால். மாவட்டத்தின் மக்கள்தொகையால் வகுத்து, 10,000 பேருக்கு எத்தனை என்று பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 10 லட்சம் பேர் உள்ள மாவட்டத்தில் 1,500 வாக்கர், 2 லட்சம் பேர் உள்ள மாவட்டத்தில் 800 வாக்கர். முதலாவதில் 10,000-க்கு 15. இரண்டாவதில் 40. எண்ணிக்கையில் குறைந்த இரண்டாவதே பெயரின் தாய்நிலம். கூடவே பிறந்த இடத்தைப் பாருங்கள், வசித்த இடத்தை அல்ல. 1881 ஏட்டில் இரண்டும் உண்டு. அறுபது வயதைத் தாண்டியவர்களின் பிறந்த ஊர்களை மட்டும் தனியே எடுத்தால் படம் இன்னும் அரை நூற்றாண்டுக்கும் மேல் பின்னுக்குப் போகும்.

படி 5: பெயரின் மிகப் பழைய பதிவைப் படியுங்கள்

13, 14-ஆம் நூற்றாண்டு வரிப்பட்டியல்களும் நீதிமன்ற ஏடுகளும் லத்தீனில் இருக்கும். பல கவுண்டிகளின் பட்டியல்களை உள்ளூர் வரலாற்றுச் சங்கங்கள் அச்சிட்டிருப்பதால் மூலச்சுவடி படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பதிவிலும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது? 'லெ' என்ற பிரெஞ்சுச் சொல் இருந்தால் தொழிலோ பட்டப்பெயரோ. 'டி' இருந்தால் ஊர். 'லெ வாக்கர்' துணி மிதிப்பவர். 'டி வாக்கர்' வாக்கர் என்ற ஊர்க்காரர். 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த முன்சொற்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுவதால், அதற்கு முந்திய பதிவுக்கு மதிப்பு அதிகம்.

எழுத்தர் பெயரை மொழிபெயர்த்துவிட்டாரா? லத்தீனில் 'ஃபுல்லோ' என்று எழுதப்பட்டவரை அவர் ஊரில் வாக்கர் என்றும் அழைத்திருக்கலாம், ஃபுல்லர் என்றும் டக்கர் என்றும் அழைத்திருக்கலாம். அந்தப் பதிவு தொழிலைச் சொல்லும், வழங்கிய பெயரைச் சொல்லாது.

பெயரும் வேலையும் ஒத்துப்போகின்றனவா? இதற்கு 1379 தலைவரிப் பட்டியல் பொன்னானது. 1377-இல் 14 வயது நிரம்பியவர்களிடம் தலைக்கு 4 பென்ஸ் வாங்கினார்கள். 1379-இல் தகுதிக்கு ஏற்ப வரி. சாதாரண மக்களுக்கு 4 பென்ஸ், கைவினைஞர்களுக்கு 6 பென்ஸோ அதற்கு மேலோ. 1381-இல் தலைக்கு 12 பென்ஸ் கேட்டபோதுதான் குடியானவர் கிளர்ச்சி வெடித்தது. 1379-இல் கூடுதல் வரி கட்டியவர்களின் தொழிலையும் எழுதினார்கள். யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங் பகுதிக்கு அந்தப் பட்டியல் நன்றாக எஞ்சியிருக்கிறது, அது வாக்கர்களின் மண்ணும்கூட. ஒருவர் பெயரும் வாக்கர், தொழிலும் துணி மிதிப்பது என்றால், பெயர் இன்னும் அவரோடேயே இருக்கிறது, பரம்பரை ஆகிவிட்டதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பெயர் வாக்கர், தொழில் கொல்லர் என்றால் பெயர் தொழிலை விட்டுக் கழன்று குடும்பத்துக்குச் சொந்தமாகிவிட்டது.

படி 6: வேறு வழியாக வந்த வாக்கர்களை விலக்குங்கள்

நியூகாசில் நகரின் கிழக்கே டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. சுவரையொட்டிய சதுப்பு நிலம் என்று பொருள். அந்தச் சுவர், ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர். சுவர் முடியும் இடமான வால்ஸெண்ட் அதற்குப் பக்கத்து ஊர். நார்தம்பர்லண்ட், டர்ஹம் பகுதிக் குடும்பங்களுக்கு இந்த வாய்ப்பைச் சோதிக்காமல் விடக் கூடாது. சோதிக்கும் வழி, மேலே சொன்ன 'டி'.

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பகுதியில் கேலிக் மொழி பேசியவர்களிடம் 'மக் அன் ஊக்கடர்' என்ற பெயர் இருந்தது. துணி மிதிப்பவரின் மகன் என்று பொருள். ஆங்கிலம் பரவியபோது அவர்களில் பலர் வாக்கர் ஆனார்கள். பொருள் அதுவே, குடும்பமும் மொழியும் வேறு. ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடியபடி துணியை அடித்து இறுக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. அந்தப் பாடல்களின் பதிவுகள் கேட்கக் கிடைக்கின்றன. தொழிலின் தாளம் என்ன என்று அறிய விரும்புபவர்கள் தேடிக் கேளுங்கள்.

அயர்லாந்தின் டக்கர்களுக்கும் இதே எச்சரிக்கை. 'ஓ டுவாஹர்' என்ற ஐரிஷ் குலப்பெயர் ஆங்கில எழுத்தில் டக்கர் ஆனது. துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அரச வனங்களில் சுற்றிவந்து காவல் காத்தவர்களுக்கும் வாக்கர் என்ற பெயர் இருந்தது. குடும்பப்பெயரை அதோடு இணைத்துச் சொல்வதுண்டு. ஆனால் அந்த வழக்குக்கான சான்றுகள் காலத்தால் பிந்தியவை, பெயர்கள் உறைந்ததற்குப் பிறகானவை. உங்கள் குடும்பத்தில் நேரடி ஆவணம் இருந்தாலொழிய அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் உள்ள வாக்கர்களில் பலர் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1780-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் நீதிமன்றங்களில் குவாக் வாக்கர் என்பவரின் விடுதலைக்காக நடந்த வழக்குகள் அந்த மாநிலத்தில் அடிமைமுறை ஒழிய வழிசெய்தன. அவருடைய முன்னோர் யார்க்‌ஷயரில் துணி மிதித்தவர்கள் அல்லர். பெயரின் பொருள் ஒன்று, பெயரைத் தாங்குபவரின் வம்சம் வேறொன்று. இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்படும் குடும்ப வரலாறு, பட்ட துன்பத்தையே அழித்துவிடுகிறது.

படி 7: ஒரு குடும்பத்தைப் பின்னோக்கித் தொடருங்கள்

இன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். புகழ்பெற்ற ஒரு வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தால் எந்தக் குடும்பத்தையும் அவரோடு ஒட்டவைத்துவிட முடியும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1855. காலாண்டு வாரியான அட்டவணை ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசம். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் மார்ச்சில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் இருக்கலாம். அரசின் பொதுப் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் 1837 முதலே உண்டு. ஜான் வாக்கர்களும் வில்லியம் வாக்கர்களும் குவிந்து கிடக்கும் இடத்தில் குடும்பத்தைப் பிரித்தெடுப்பது அந்த ஒரு விவரம்தான்.

கணக்கெடுப்புகளில் 1851 முதல் பிறந்த பங்கின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தின், பெயர் வரும். 1841-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். பிறந்த ஆண்டை அதிலிருந்து கணக்கிட்டால் நாலு வருடம் தவறும். 1931 ஏடுகள் 1942-இல் தீயில் அழிந்தன, 1941-இல் கணக்கெடுப்பே இல்லை. அந்த இடைவெளிக்கு 1939 பதிவேட்டைப் பாருங்கள்.

1837-க்கு முன்னால் தேவாலயப் பங்கு ஏடுகள். 1538-இல் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டதிலிருந்து அவை தொடங்கும். ஆனால் அவ்வளவு பழையவை எஞ்சியிருப்பது எல்லாப் பங்கிலும் இல்லை. 1598 முதல் ஆயருக்கு அனுப்பிய நகல்கள் தனியே உண்டு, மூல ஏடு சிதைந்திருந்தால் அவற்றைத் தேடுங்கள். 1642 முதல் 1660 வரை உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவும், பல ஏடுகளில் வெற்றிடம். 1754 மார்ச் 25-க்குப் பிறகு திருமண ஏட்டில் சாட்சிகளின் கையெழுத்து வரும். 1813 முதல் ஞானஸ்நான ஏட்டில் தந்தையின் தொழிலுக்குத் தனிக் கட்டம் உண்டு.

1752-க்கு முன் ஆங்கில ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஆகவே ஏட்டில் 1715 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1716. இதைக் கவனிக்காவிட்டால் பெற்றோர் திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகத் தெரியும். இரண்டு ஆண்டையும் சேர்த்து 1715/16 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வாக்கர் போன்ற பரவலான பெயரில் மிகப் பெரிய தவறு, வயது பொருந்தும் முதல் ஞானஸ்நானத்தைக் கண்டதும் நின்றுவிடுவது. அந்தப் பங்கையும் சுற்றிலும் 15 மைலுக்குள் உள்ள பங்குகளையும் எடுத்து, எல்லா வாக்கர்களையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள். பிறகு அடக்க ஏட்டை வைத்து, சிறுவயதிலேயே இறந்த பிள்ளைகளை நீக்குங்கள். நீங்கள் முன்னோர் என்று நினைத்த குழந்தை ஆறு மாதத்தில் அடக்கமானதை அங்கே பார்ப்பது அடிக்கடி நேரும். எஞ்சியவர்களை உயில்களோடு ஒப்பிடுங்கள். 1858-க்குப் பிந்திய உயில்கள் தேசிய அட்டவணையில், அதற்கு முந்தியவை திருச்சபை நீதிமன்றங்களின் ஏடுகளில். 'என் மகன் ஜானுக்கு' என்ற ஒரு வரி பத்து ஊகங்களைத் தீர்த்துவைக்கும்.

சென்னையிலும் தென்னிந்தியாவிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இந்தத் தேடலை வேறு வாசலில் தொடங்க வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பதிவுகளும் அந்த ஆண்டிலேயே தொடங்குகின்றன. சென்னை மாகாணத் தேவாலயங்களின் பதிவு நகல்கள் 1698 முதல் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என் 2' என்ற வரிசை அவைதான். வங்காளம் 'என் 1', பம்பாய் 'என் 3'. கப்பலில் வந்த முதல் மூதாதையின் ஊர் அந்த ஏட்டில் பெரும்பாலும் இருக்காது. அவர் படைவீரர் என்றால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள்சேர்ப்புப் பட்டியலில் சொந்த ஊர் தேடுங்கள்.

படி 8: மரபணுவும் சின்னமும்

ஆண்வழி இறங்கும் ஒய் குரோமோசோமும் குடும்பப்பெயரும் ஒரே பாதையில் போவதால், அபூர்வமான பெயர்களுக்கு மரபணுச் சோதனை நன்றாக உதவும். லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது இதைத்தான்: அரிய பெயர்களைத் தாங்கிய ஆண்கள் பெரும்பாலும் ஒரே மூதாதையைச் சேர்ந்தார்கள், ஸ்மித் போன்ற பெயர்களில் அப்படி ஒற்றுமை தெரியவில்லை. வாக்கர் ஸ்மித்தின் பக்கம். ஆடு மேய்ந்து ஆறு ஓடிய ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் துணி மிதிப்பவர் ஒருவர் இருந்தார். இரண்டு வாக்கர்கள் உறவா என்று சோதனை சொல்லும், 'வாக்கர் வம்சம்' என்று ஒன்றை அது காட்டாது.

'வாக்கர் குடும்பச் சின்னம்' என்று சட்டம்போட்டு விற்கப்படுவதை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனிமனிதருக்கும் அவர் நேர்வழியினருக்கும் தரப்படுவது. ஒரு குடும்பப்பெயருக்கென்று சின்னம் கிடையாது.

படி 9: முடிவை எழுதும் முறை

சொல்லின் பொருளையும் குடும்பத்தின் வரலாற்றையும் இரண்டு தனித்தனி வாக்கியங்களாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு மாதிரி:

'வாக்கர் என்பது கம்பளித் துணியை மிதித்து இறுக்குபவரைக் குறிக்கும் வடஇங்கிலாந்துத் தொழிற்பெயர், இது உறுதி. இந்தக் குடும்பத்தை வெஸ்ட் ரைடிங்கின் ஒரு பங்கில் 1690-கள் வரை ஏடுகளில் தொடர முடிகிறது, இதுவும் உறுதி. அதே பங்கில் 1379 தலைவரிப் பட்டியலில் ஒரு வாக்கர் இருக்கிறார். அவர் இந்தக் குடும்பத்தின் மூதாதையாக இருக்க வாய்ப்பு உண்டு, இடையில் முந்நூறு ஆண்டு ஆவணம் இல்லை.'

அந்த முந்நூறு ஆண்டை நிரப்பும் ஆசை எல்லாருக்கும் வரும். நிரப்பாமல் விடுங்கள். பண்ணை நீதிமன்ற ஏடுகள் நிலம் கைமாறியதைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கின்றன. அந்தப் பங்குக்கு அவை எஞ்சியிருந்தால் அடுத்த வேலை அங்கேதான்.